பெரும் உருப்படியைத் தெரிதல்
பியானோ பயிலும் மாணாக்கர்க்குச் சில குறிப்புகள்

எக்கலையைப் பயில்வோர்க்கும் ஒரு பருவம் வந்தெய்தும். கற்றவை கைவசமாகிவிட, இனி அரியதொன்றைக் கற்றல் வேண்டும் என்னும் வேட்கை எழும் பருவம் அது. அவ்வேட்கை நன்றே. ஆயினும், தெரிவு பிழைக்குமாயின் மாதங்கள் பல வீணாகும். கைக்கும் ஊறு நேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்த றொமாண்டிக் இசையைப் பியானோவிற் பயில்வோர்க்கு இவ்விடர் பெரிது. அவ்விசையிற் புகழ் வாய்ந்த உருப்படிகள் பல, கேட்கும்போது எளியனபோலத் தோன்றிக் கைப்படும்போது அரியனவாகும்.

ஒரு மாணாக்கனை எடுத்துக்கொள்வோம். ஷூமான் 1838இல் இயற்றிய ‘சிறுவர் காட்சிகள்’, மெண்டல்சோனின் ‘சொல்லில்லாப் பாடல்கள்’ சில, சோப்பினின் 9ஆம் இலக்கத்து ஈ பிளாட் நொக்டர்ன் ஆகியன அவன் பாடாந்தரத்தில் உள்ளன. இப்பொழுது அவன் விரும்புவது 1836இல் வெளிவந்த சோப்பினின் முதலாம் பலாட். அதனைத் தொடங்கலாமா? விடை காண்பதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதலாவது, அவ்வுருப்படியின் மிகக் கடினமான பக்கம் யாது? பலாட்டின் தொடக்கம் அமைதியானது. அதனை அவன் சில நாள்களில் வாசித்துவிடுவான். இறுதிப் பகுதியோ மிக விரைந்து, கனல் பொங்க வாசித்தற்குரியது. ஆதலின் முதற்பக்கத்தை விடுத்து, இறுதிப் பக்கத்தை எடுத்து, பாதி வேகத்தில் இரு வாரம் பயின்று பார்த்தல் வேண்டும். சுரங்கள் தெளிவுற ஒலித்து, கையும் தளர்வாயிருப்பின் தொடங்கலாம். இன்றேல் ஓராண்டு பொறுத்தல் நலம்.

இரண்டாவது, என் கைக்கு இஃது இயையுமா? பெருங்கலைஞராகிய லிஸ்ட், தாம் 1837இல் இயற்றிய பன்னிரு பயிற்சிகளை 1852இல் திருத்தி வெளியிட்டபோது, விரல்கள் மிக அகன்று நீளவேண்டிய இடங்களைக் குறைத்தார். அவரே குறைத்தாரெனின், சிறு கையுடையார் தமக்கு எட்டாத சுரக்கூட்டுகளை விடுத்து வேறோர் உருப்படியை நாடுதல் இழுக்கன்று. பியானோக் கலைஞராக விழைந்த ஷூமான், இளமையிலேயே வலக்கை பழுதுற்றமையால் அவ்வெண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. அப்பழுதின் காரணம்பற்றி ஆய்வாளர் பலவாறு கூறுவர். எவ்வாறாயினும், நோவு தோன்றியபின்னரும் பயிற்சியைத் தொடர்தல் ஊக்கமாகாது என்பதை மாணாக்கர் உளங்கொள்க.

மூன்றாவது, என் பாடாந்தரத்தில் இல்லாதது யாது? மேற்கூறிய மாணாக்கன் இனிய இன்னிசையை வலக்கையிற் பாடவைக்கக் கற்றுள்ளான். கனத்த சுரக்கூட்டுகளைக் கற்றிலன். அவனுக்குச் சோப்பின் 1841இல் இயற்றிய 48ஆம் இலக்கத்துச் சி மைனர் நொக்டர்ன் பெரிதும் பொருந்தும். அதன் தொடக்கம் அவன் அறிந்த வகையினது. நடுவே திருக்கோயிற் பாடல் போன்ற சுரக்கூட்டுகள் வரும். அவற்றினூடே எட்டுச்சுர இடைவெளிகள் புகுந்து பெருகும். பின்னர் முதல் இன்னிசையே இருமடங்கு வேகத்தில் மீளும். அறிந்ததன்மேல் அறியாதது படிப்படியாக ஏறுதலின், பலாட்டிற்கு இது நல்லதோர் ஏணியாகும். விரைவு குறைந்து வலிமை மிக்கது வேண்டுவோர் பிராம்ஸ் 1879இல் இயற்றிய ஜி மைனர் றப்சொடியை நாடலாம். மிகையான வேகம் வேண்டா என்று அவரே அதிற் குறித்துள்ளார். கைகள் ஒன்றையொன்று கடந்து இன்னிசையைப் பகிர்ந்து வாசிக்கும் திறன் வேண்டுவோர்க்கு லிஸ்டின் ‘பெருமூச்சு’ என்னும் பயிற்சி தக்கது.

திருவள்ளுவர் வலியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அஃது அரசர்க்குக் கூறப்பட்டதேனும் கலை பயில்வோர்க்கும் பொருந்தும். வலியறிதல் என்பது அஞ்சி ஒதுங்குதலன்று. செயலின் வலியையும் தன் வலியையும் சீர்தூக்கியபின் துணிந்து இறங்குதலாம். பிறர் வியத்தற்பொருட்டு எடுத்த உருப்படி, அவர் வியப்பு ஓய்ந்ததும் கைவிடப்படும். தன் குறையறிந்து எடுத்ததோ நெடுங்காலம் உடன்வரும். இவ்வாண்டு அரியதொன்றைத் தொடங்கக் கருதும் மாணாக்கர், ஆசிரியர் முன்னிலையில் அதன் இறுதிப் பக்கத்தை முதலில் விரித்து வைப்பாராக.