காங்கயத்துக்குப் பெயர் தந்த கொறங்காடு

திருப்பூருக்குத் தென்கிழக்கே, வடக்கில் நொய்யலுக்கும் தெற்கில் அமராவதிக்கும் இடைப்பட்ட பகுதி காங்கயம் வட்டாரம். 1979 வரை கோவை மாவட்டத்திலும், பின்னர் பெரியார் (ஈரோடு) மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.தான். நிலம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். இந்த வறண்ட பூமி நாடறிந்த பெயர் பெற்றது எப்படி என்பதையும், அந்தப் பெயர் நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கு காண்போம்.

பெயர் பெற்ற ஊர்கள்

காங்கயத்தை அடுத்த படியூர், பெரில் என்னும் மணிக்கல்லுக்குப் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் இங்கு கல் வெட்டி எடுத்தனர். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் மணி செய்த தொழிற்கூடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கண்டறியப்பட்டன. சிவன்மலை முருகன் கோயில் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. பக்தரின் கனவில் வரும் பொருளை ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’யில் வைத்து வழிபடுவது அங்குள்ள வழக்கம். ஆங்கிலேயரை எதிர்த்து 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை பிறந்தது (1756) காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில்.

பழையகோட்டையும் கண்ணபுரமும்

ஆயினும் காங்கயம் என்றவுடன் விவசாயிகளின் நினைவுக்கு வருவது மாடுதான். இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு, குறிப்பாக நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்கு, பெரும் பங்கு உண்டு. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். சுமார் ஆறு மாதத்தில் நிறம் மாறும். பசு வெண்சாம்பல் நிறம் பெறும். காளைக்குத் தலை, கழுத்து, திமில் ஆகியவை கருமை அடையும். காயடித்த எருதில் இந்தக் கருமை குறைந்துவிடும்.

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேரையொட்டி நடைபெறும் மாட்டுச் சந்தை காங்கயம் மாடுகளுக்கே பெயர் பெற்றது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத்தாவணியிலும் இவ்வின மாடுகள் கைமாறுகின்றன.

மாட்டுக்கு ஆதாரம் கொறங்காடு

இந்த மாட்டை உருவாக்கியது மேய்ச்சல் நிலமான கொறங்காடு. கொறங்காட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மழையில் புல் தழைக்கும். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேல் காய்கள் தீவனமாகும். வேலி உறுதியாக இருப்பதால் மேய்ப்பவர் துணையின்றியே மாடுகளை இரவும் பகலும் விட்டுவைக்கலாம்.

காங்கயம் பசு நாளொன்றுக்குத் தருவது இரண்டு மூன்று லிட்டர் பாலே. தீவனத்தை விலைக்கு வாங்கிப் போட்டால் கட்டுபடி ஆகாது. கொறங்காட்டில் தீவனச் செலவும் ஆள் செலவும் மிகக் குறைவு என்பதால்தான் கட்டுபடி ஆகிறது. எனவே கொறங்காட்டை விற்றவர் அடுத்து மாட்டையும் விற்க நேரிடுகிறது. பம்புசெட் வந்து கவலை ஏற்றம் நின்றது. டிராக்டர் வந்து உழவு எருதின் தேவை குறைந்தது. இப்போது வேலிகள் பிரிக்கப்பட்டு, நிலங்கள் மனைகளாகி வருகின்றன.

நொய்யல் தரும் பாடத்தையும் மறக்கலாகாது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கி, ஆற்றோரக் கிணறுகளும் வயல்களும் பாழாயின. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஆற்றை நம்பிய நிலம் கெட்டபோதும், மழையை மட்டுமே நம்பிய மேட்டுநிலக் கொறங்காடு புல் தந்துகொண்டுதான் இருந்தது.

கொறங்காட்டைப் பேணும் முறை

1. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புல் மெலிந்த இடங்களில் மேலாக உழுது கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். கோ 1 நீலக் கொழுக்கட்டை ஏற்ற ரகம். அறுவடை செய்த உடனே விதைத்தால் முளைப்பு குறையும். ஆறு மாதத்துக்கு மேல் சேமித்த விதையே நல்லது. விதை பஞ்சு போல் இலேசானது. எனவே ஈர மணலுடன் கலந்து தூவவும்.

2. புல்லுடன் முயல் மசாலையும் விதைத்தால் புரதச்சத்துள்ள தீவனம் கிடைக்கும். இதன் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் வைத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைக்கவும்.

3. புது விதைப்பு வேரூன்றும் வரை மாடு விடலாகாது. பின்னரும் புல்லை அடியோடு மேய விடாமல், நான்கு விரற்கடை உயரம் நிற்கும்போதே மாடுகளை மாற்ற வேண்டும்.

4. நிலத்தை இரண்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கவும். மாடு மேய்ந்தபின் செம்மறி ஆடுகளை விடலாம்.

5. வேலியில் விழுந்த இடைவெளிகளை மழைக்கு முன்பே கிளுவைப் போத்து நட்டு அடைக்கவும்.

6. வெள்வேல் கன்றுகளைப் பறித்து எறியாமல், புல்லுக்கு நிழல் மிகாத அளவில் விட்டு வளர்க்கவும்.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் கொறங்காடு உள்ளவரும் இம்முறைகளைக் கடைப்பிடிக்கலாம். அண்டை நிலத்தார் இருவர் மூவர் சேர்ந்து பட்டிகளைப் பொதுவில் மாற்றிக்கொண்டால் பலன் கூடும். மனைக்கு விற்ற நிலத்தை மீண்டும் மேய்ச்சல் காடாக்குவது அரிது. விலை பேசுவதற்கு முன், அந்த நிலம் ஆண்டுதோறும் எத்தனை மாட்டுக்குத் தீவனம் தருகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.