ரெப்ளிகேஷன் கட்டளைக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

போஸ்ட்கிரெஸ் 12 பதிப்பு 2019 அக்டோபரில் வந்தபோது, ரெப்ளிகா அமைப்புகளை வைத்திருந்த ‘ரெக்கவரி.கான்ஃப்’ கோப்பை அடியோடு கைவிட்டது. அந்தக் கோப்பு டேட்டா டைரக்டரியில் இருந்தால் சர்வர் ஸ்டார்ட் ஆகாது. மைஎஸ்கியூஎல் 8.4-இல் ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ செல்லாது. ‘ஸ்டார்ட் ரெப்ளிகா’ என்றுதான் கொடுக்க வேண்டும். பழைய குறிப்பை நம்பி நள்ளிரவில் ரெப்ளிகா கட்டுபவர் தடுமாறுவது இங்கேதான். ஆகவே ஆவணத்தின் முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் ரெப்ளிகேஷன் அத்தியாயம் முழுவதையும் திருத்தக் கிளம்பாமல் ஒரே ஒரு கட்டளையை எடுப்பது நல்லது. பிரைமரியை நகலெடுத்து ரெப்ளிகா கட்ட உதவும் ‘பிஜி_பேஸ்பேக்கப்’ அதற்குப் பொருத்தமானது. எழுதும் முன் அதைத் தனித்தனியான இரண்டு மெஷின்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே லேப்டாப்பில் ஓட்டினால் முக்கியமான ஒரு சிக்கல் கண்ணில் படாமல் போய்விடும். ‘பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப்’ கோப்பில் டேட்டாபேஸ் இடத்தில் ‘ஆல்’ என்று போட்டிருந்தாலும் ரெப்ளிகேஷன் இணைப்புக்கு அது பொருந்தாது. ‘ரெப்ளிகேஷன்’ என்று தனி வரி வேண்டும். புதிதாக வருபவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. அந்த வரியைக் கட்டளைக்கு முன்னாலேயே காட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே ‘பிரைமரியில்’ அல்லது ‘ரெப்ளிகாவில்’ என்று குறித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘-ஆர்’ ஆப்ஷன் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: ‘ஸ்டாண்ட்பை.சிக்னல்’ என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கி, இணைப்பு விவரத்தை ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப்’ கோப்பில் சேர்க்கிறது.

அதிகக் கவனம் கேட்பது ரெப்ளிகேஷன் ஸ்லாட். ஸ்லாட் இருந்தால், ரெப்ளிகா நின்றுபோனாலும், அது திரும்பி வந்து கேட்கும் என்று பிரைமரி, மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘வால்’ (WAL) கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும். வழக்கமாக ஒவ்வொன்றும் 16 எம்பி. யாரும் கவனிக்காவிட்டால் டிஸ்க் நிறைந்து பிரைமரியே நின்றுவிடும். 13-ஆம் பதிப்பில் வந்த ‘மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்’ இதற்கு வரம்பு போடும்; ஆனால் வரம்பு தாண்டினால் அந்த ரெப்ளிகாவை மறுபடி முதலிலிருந்து கட்ட நேரலாம். எதை இழக்கத் தயார் என்று நிர்வாகி முடிவு செய்ய இந்த இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். இந்த எச்சரிக்கையை வேறொரு அத்தியாயத்துக்குத் தள்ளக் கூடாது. ஸ்லாட்டை உருவாக்கும் வரிக்கு அடுத்த வரியே அதற்கு இடம். ஸ்லாட்டை நீக்கும் ‘பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்’ ஃபங்ஷனும் அங்கேயே வர வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. பிரைமரியில் ‘பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன்’ பார்த்தால் ஸ்டேட் நெடுவரிசையில் ‘ஸ்ட்ரீமிங்’ வர வேண்டும். ரெப்ளிகாவில் ‘பிஜி_இஸ்_இன்_ரெக்கவரி’ ‘ட்ரூ’ தர வேண்டும். கிடைத்த விடையை அப்படியே ஒட்டிக் காட்டலாம்.

போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் மூலநிரலோடு ‘டாக்’ டைரக்டரியிலேயே இருப்பதால் திருத்தமும் நிரல் மாற்றம் போலவே பேட்ச்சாகப் போகிறது. அனுப்பும் முன் ஹெச்டிஎம்எல் ஆக்கி ஒருமுறை படித்துவிட வேண்டும். எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது, பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் பொருந்துமா என்பதைக் கூடவே எழுதினால், சரிபார்ப்பவர் அந்தப் பதிப்புகளின் ஆவணத்திலும் அதைச் சேர்க்க முடியும்.