சம்பளக் கணக்கு நோட்புக்கை கிட்ஹப்பில் ஏத்துறதுக்கு முன்னாடி

மாசச் செலவு, பழைய வரி முறையா புது வரி முறையா, எஸ்ஐபி கணக்கு எல்லாத்தையும் எக்ஸெல்லை விட்டுட்டு ஜூபிட்டர் நோட்புக்ல போடுறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. வாரக்கடைசியில கணியூர் வீட்டு லேப்டாப்ல எழுதின நோட்புக், திங்கட்கிழமை திருப்பூர் ரூம்ல இருக்கிற சிஸ்டத்துலயும் அதே மாதிரி இருக்கணும். அதுக்கு பென்டிரைவ் வேண்டாம், கிட் போதும். ஆனா ஏத்துறது நோட்புக்கை மட்டும்தானான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

கிட் எப்படி வேலை செய்யுது?

அக்கவுண்ட்ஸ் பாஷையில சொன்னா, கமிட்ங்கிறது நரேஷனோட போடுற ஒரு வவுச்சர். அது உங்க லேப்டாப்லயே பதிவாகும். நெட் இல்லாட்டியும் கமிட் பண்ணலாம். நெட் வந்ததும் புஷ் பண்ணா கிட்ஹப்புக்குப் போகும். இன்னொரு சிஸ்டத்துல புல் பண்ணா அங்க வந்துடும்.

கம்பெனிகளோட அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் கட்டாயம். என்ட்ரியை அழிச்சாலும் அழிச்ச தடம் இருக்கும். கிட்டும் அப்படித்தான். ஒரு ஃபைலை இன்னைக்கு டெலீட் பண்ணாலும் நேத்து போட்ட கமிட்ல அது அப்படியே இருக்கும்.

ஆபத்து எங்க இருக்கு?

நோட்புக் ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜேசான் ஃபைல். நீங்க எழுதின கோடும், அதை ஓட்டினப்போ திரையில வந்த விடையும் ஒண்ணாவே சேவ் ஆகும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஏத்தி முதல் அஞ்சு வரியைப் பார்த்தீங்கன்னா, அந்த அஞ்சு வரியும் நோட்புக்குள்ள உட்கார்ந்துடும். ஸ்டேட்மென்ட் ஃபைலை நீங்க ஏத்தவே இல்லைன்னாலும் அக்கவுண்ட் நம்பர் வெளிய போயிடும்.

வருமான வரித் துறையோட ஏஐஎஸ் பிடிஎஃப்பைத் திறக்க என்ன பாஸ்வேர்ட்? உங்க பான் நம்பரும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான். இந்த ரெண்டும் ஒரே நோட்புக்ல கிடைச்சா, அந்த ஃபைல் யார் கையில இருந்தாலும் திறந்துடலாம். பாஸ்வேர்டை மாத்திக்கலாம், பிறந்த தேதியை மாத்த முடியாது.

பெரிய கம்பெனியே இதுல மாட்டியிருக்கு. டொயோட்டாவோட டி-கனெக்ட் சேவைக்கு வேலை செஞ்ச ஒரு துணை ஒப்பந்ததாரர், கோடோட ஒரு பகுதியைப் பொது கிட்ஹப்ல போட்டுட்டார். அதுக்குள்ள சர்வருக்கான சாவி இருந்தது. 2017 டிசம்பர்ல இருந்து 2022 செப்டம்பர் வரைக்கும் யாரும் கவனிக்கலை. சுமார் 2.96 லட்சம் வாடிக்கையாளர்களோட இமெயில் முகவரி வெளிய போயிருக்கலாம்னு கம்பெனியே அறிவிச்சது. ஜாப் ஒர்க் கொடுக்கிற ஊர்க்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும்: தப்பு எங்க நடந்தாலும் பேர் கெடுறது ஆர்டர் கொடுத்தவருக்குத்தான்.

செய்ய வேண்டியது, இதே வரிசையில்

1. ரெப்போவை பிரைவேட்டா திறங்க. 2019 ஜனவரியில இருந்து இது எல்லாருக்கும் இலவசம்.

2. முதல் கமிட்டுக்கு முன்னாடியே கிட்இக்னோர் ஃபைல் எழுதுங்க. சிஎஸ்வி, எக்ஸெல், பிடிஎஃப் மூணையும் அதுல சேர்த்துடுங்க. ஃபார்ம் 16 தப்பித்தவறிகூடப் போகாது.

3. ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னாடி மெனுவுல போய் எல்லா அவுட்புட்டையும் கிளியர் பண்ணுங்க. மறந்துடுவோம்னா என்பிஸ்ட்ரிப்அவுட்ங்கிற இலவச டூலை அந்த ரெப்போவுல இன்ஸ்டால் பண்ணிடுங்க. உங்க திரையில விடை இருக்கும், கிட்டுக்குப் போறதுல இருக்காது. ரெண்டு சிஸ்டம்னா ரெண்டுலயும் பண்ணணும். கோடுக்குள்ளயே பான் நம்பரை டைப் பண்ணியிருந்தா இது காப்பாத்தாது. அதை நீங்கதான் எடுக்கணும்.

4. 2021 ஆகஸ்ட் 13 முதல் புஷ் பண்ண கிட்ஹப் பாஸ்வேர்ட் செல்லாது. டோக்கன் இல்லாட்டி எஸ்எஸ்எச் கீ வேணும். டோக்கனை ஏடிஎம் பின் மாதிரி நினைங்க. நோட்புக்குள்ள எழுதாதீங்க.

5. உட்கார்ந்ததும் புல், எழுந்திருக்கும்போது புஷ். ரெண்டு சிஸ்டத்துலயும் தனித்தனியா மாத்திட்டா கான்ஃபிளிக்ட் வரும். ஜேசான் நடுவுல அந்தக் குறி விழுந்தா நோட்புக்கே திறக்காது.

ஏற்கெனவே ஏத்திட்டீங்களா?

முதல்ல உள்ள இருந்த டோக்கன், பாஸ்வேர்டை ரத்து பண்ணுங்க. அப்புறம் அந்த ரெப்போவையே டெலீட் பண்ணிட்டு, சுத்தம் பண்ண நோட்புக்கோட புதுசா ஆரம்பிங்க. ஃபைலை மட்டும் அழிச்சா பழைய கமிட் காட்டிக்கொடுத்துடும்.

ஆபீஸ் டேட்டா வேற விஷயம்

கம்பெனியோட சம்பளப் பட்டியல், பையர் விலைப் பட்டியல் இதெல்லாம் பிரைவேட்டா இருந்தாலும் உங்க சொந்த அக்கவுண்ட்ல போடக்கூடாது. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. உங்க வேலையும் போகலாம்.

இன்னைக்கே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. லாகின் பண்ணாம, இன்காக்னிட்டோ விண்டோல உங்க ரெப்போ லிங்க்கைத் திறங்க. பக்கம் திறந்துச்சுன்னா, ஊரே பார்க்கலாம்னு அர்த்தம்.