விட்ட பறவையும் வேட்டை மரியாதையும்

அன்புள்ள தம்பிக்கு,

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துத் தேர்விலும் தேறி, லைசென்ஸும் அதனோடு மேற்கு வாஷிங்டன் ஃபெசன்ட் பெர்மிட்டும் வாங்கிவிட்டதாக நீ எழுதியிருந்த கடிதம் கிடைத்தது, மிக்க சந்தோஷம். எந்தத் துப்பாக்கி தோளுக்கு இசைவானது, எந்த இனத்து நாய் உன் வீட்டுக்குப் பொருந்தும் என்று நீ கேட்டிருந்தவற்றுக்கு நேரில் வரும்போது பதில் சொல்கிறேன். நீ கேளாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியையும் நாயையும்விட அது முக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயமாதலால், முதலில் அதைப் பற்றியே விரிவாக எழுதிவிடுகிறேன்.

இந்நாட்டு வேட்டைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பாட்டனுக்குப் பின்னால் தோட்டா போடாத துப்பாக்கியைச் சுமந்துகொண்டு வரப்போரமாக நடந்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும், யாருடைய பறவைக்குக் கைநீட்டக் கூடாது என்பதையெல்லாம் எவரும் உபதேசிக்காமலே கற்றுக்கொண்டுவிடுகிறான். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் பிறந்த தேசத்தில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. வைத்தது நியாயமே என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் பயனாக, நம்மைப் போல் இங்கே வந்து வளர்ந்த பிராயத்தில் துப்பாக்கி எடுப்பவர்களுக்குச் சட்டத்தைக் கற்பிக்க வகுப்பு உண்டே தவிர, சட்டத்துக்கு அப்பாலுள்ள மரியாதையைக் கற்பிக்கப் பாட்டனார் இல்லை. அந்தக் குறையைச் சிறிதளவாவது நிரப்புவதே இக்கடிதத்தின் உத்தேசம்.

நீ போகவிருக்கும் இடத்தின் ஸ்வபாவத்தை முதலில் அறிந்துகொள். ஃபெசன்ட் இந்தக் கண்டத்துக்குரிய பறவை அன்று. ஷாங்காயில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி என்பவர் 1882-இல் கப்பலேற்றி அனுப்பிய சீனப் பறவைகள் ஆரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் நிலைபெற்று, பத்தே ஆண்டுகளில், 1892-இல், வேட்டைப் பருவம் ஒன்றைத் திறக்கும் அளவுக்குப் பெருகின. தெற்கு டகோட்டாவோ 1943-இல் இந்தச் சீன விருந்தாளியைத் தன் மாநிலப் பறவையாகவே வரித்துக்கொண்டது. ஆனால் காஸ்கேட் மலைக்கு மேற்கேயுள்ள நம் பக்கத்தில் மழையும் குளிரும் மிகுதி. ஃபெசன்ட் தானாகக் குஞ்சு பொரித்துத் தலைமுறை தழைக்கும் பூமி இதுவன்று. ஆகையால் மாநில வனவிலங்குத் துறையார் சென்ட்ரேலியாவிலுள்ள பாப் ஓக் பண்ணையில் பறவைகளை வளர்த்து, இலையுதிர் காலத்தில் கூண்டுகளில் ஏற்றிக் கொணர்ந்து, ஸ்னோகுவால்மி, ஸ்காஜிட், டெரல் ஏரி, விட்பி தீவு முதலான இடங்களில் அவற்றைத் திறந்துவிடுகிறார்கள். பண்ணைகளில் நெருக்கமாக வளரும் பறவைகள் ஒன்றையொன்று கொத்திப் புண்படுத்தாதிருக்க, அலகின்மேல் மூக்குத் துளையில் ஒரு சிறு பிளாஸ்டிக் மறைப்பைப் பொருத்தி வைப்பது வழக்கம். வீழ்ந்த சேவலைக் கையில் எடுக்கும்போது, செம்பும் பொன்னும் பச்சையும் கலந்த அந்த இறகின் அழகிலேயே மயங்கி நின்றுவிடாமல், அலகையும் சற்று உற்றுப் பார். மறைப்பு இருந்த தடம் சிலவற்றில் தெரியும். அது மனிதன் ஊட்டி வளர்த்த ஜீவன் என்பதற்கு அதுவே சாட்சி.

இதை வேட்டையென்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. வனவிலங்குப் பராமரிப்பை ஒரு சாஸ்திரமாகவே வகுத்த ஆல்டோ லியோபோல்ட், 1933-இல் வெளியிட்ட தம் நூலில், வேட்டைப் பிராணியின் பிறப்பு எவ்வளவுக்கெவ்வளவு கிருத்திரிமமோ அவ்வளவுக்கவ்வளவு அதை வேட்டையாடுவதன் மதிப்பும் குறைகிறது என்ற கருத்தை எழுதினார். பறவையைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் உண்மை. காட்டிலேயே பிறந்து, நரிக்கும் பருந்துக்கும் தப்பி ஒரு பனிக்காலத்தைக் கடந்த சேவலுக்கு உள்ள சாதுர்யம், நேற்று மாலை கூண்டிலிருந்து வந்த பறவைக்கு எங்கிருந்து வரும்? இயற்கையான வேட்டையில் பறவையின் சாமர்த்தியமும், நிலத்தின் விரிவும், தேடும் சிரமமும் வேட்டைக்காரனுக்குத் தாமாகவே எல்லை கட்டிவிடுகின்றன. இங்கே அம்மூன்றையும் பண்ணையும் வண்டியும் வேலியும் தளர்த்திவிட்டபடியால், எஞ்சி நிற்கும் ஒரே எல்லை அவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் நியமந்தான். ஆதலால் மற்ற இடங்களில் மரியாதை வேட்டைக்கு ஓர் ஆபரணமாக இருக்கலாம். விட்ட பறவையைத் தேடிப்போகும் இடத்தில் அது இல்லையென்றால் வேட்டையே இல்லை. என் கட்சி இதுதான்; இனி எழுதுவதெல்லாம் இதன் விரிவே.

காலை எட்டு மணிக்குத்தான் பறவை விடும் இத்தளங்களில் வேட்டை தொடங்கலாம். மாலை நான்கு மணிக்கு முடிந்துவிட வேண்டும். சனி ஞாயிறுகளில் விடியுமுன்பே வண்டிகள் வந்து நிறைந்துவிடும். ஆரஞ்சு நிறச் சட்டையணிந்த ஆட்கள் கையைத் தேய்த்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருப்பார்கள்; கூண்டுக்குள்ளிருக்கும் நாய்கள் முனகும்; அப்போதே மனத்துக்குள் ஒரு போட்டி மூண்டுவிடுகிறது. எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒருவன் மெல்ல நழுவி முதல் புதரை நோக்கி நடந்தானானால், நிற்பவர்கள் எல்லோருக்கும் கால் துடிக்கத் தொடங்கும். அந்த முதல் ஆளாகவும் இராதே. அவனைப் பார்த்துப் பின்தொடரும் இரண்டாவது ஆளாகவும் இராதே. லியோபோல்ட் வேறோரிடத்தில், வேட்டைக்காரனுக்குக் கைதட்டவோ அவனைக் கண்டிக்கவோ அருகில் ஆளில்லை, அவனுடைய மனச்சாட்சியே அவனுக்கு நடுவர் என்ற பொருள்படச் சொல்கிறார். இங்கே நிலைமை நேர்மாறானது. ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதே மனச்சாட்சியை மழுங்கச் செய்கிறது. ‘நான் எடுக்காவிட்டால் அவன் எடுத்துவிடுவான்’ என்ற ஒரு நினைப்பு, வீட்டிலும் அலுவலிலும் பண்பாளர்களாக இருப்பவர்களைக்கூட அரைமணி நேரத்தில் வேறு ஆட்களாக்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நெரிசல் மிகுந்த சில தளங்களில் துறையாரே ஒரு விதி வகுக்க நேர்ந்தது: வார இறுதி நாட்களில் காலை எட்டிலிருந்து பத்து வரை, ஒற்றைப்படைத் தேதியோ இரட்டைப்படைத் தேதியோ, பெர்மிட்டில் எதைக் குறித்துக்கொண்டோமோ அந்த நாளில் மட்டுமே போகலாம். மனிதர்கள் தாமாக விட்டுக்கொடுத்திருந்தால் இப்படியொரு விதிக்கு அவசியமே நேர்ந்திராது என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பறவை கொண்டுவரும் வண்டியைப் பின்தொடர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் பின்னாலேயே இலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை என்னவென்று நினைப்பாயோ, எந்த வாய்க்கால் ஓரத்தில் கூண்டு திறக்கப்பட்டது என்று ஒளிந்து பார்த்து மறுநாள் நேரே அங்கே போய் நிற்பவனையும் அப்படியே நினை. அவன் கைக்குப் பறவை கிடைக்கும். பறவையைத் தேடும் இன்பத்தை அவன் அறியமாட்டான்.

வயலில் இறங்கிய பிறகு மற்றவனுடைய நாய் உனக்கு ஒரு பெரியவரைப் போல. புல்லினிடையே ஓடிவந்த நாய் சட்டென்று நின்று, முன்கால் ஒன்றை மடக்கி, வால் விறைத்து, மூக்கை ஒரே திசையில் ஊன்றி அசையாமல் நிற்கக் கண்டால், நீயும் நின்ற இடத்திலேயே நின்றுவிடு. அந்தப் பறவை அந்த நாய்க்கும் அதைப் பழக்கிய எஜமானனுக்கும் உரியது. அவர் வந்து அதைக் கிளப்பட்டும். அது உன் பக்கமாகவே பறந்து வந்தாலும் அவர் சுட்டுத் தீர்த்து ‘நீங்கள் சுடுங்கள்’ என்று குரல் கொடுத்தாலன்றித் துப்பாக்கியை உயர்த்தாதே. இருவரும் ஒரே சமயத்தில் சுட்டுப் பறவை வீழ்ந்ததா? ‘உங்களுடையது’ என்று முதலில் சொல்லிவிடு. பண்ணையில் வளர்ந்த ஒரு கோழிக்காக இரண்டு மனிதர்கள் முகம் சிவந்து நிற்பதைவிட வெட்கக்கேடு வேறில்லை. ஒருவர் புதர் வரிசையொன்றை ஒரு முனையிலிருந்து தேடிக்கொண்டு வரும்போது, மறுமுனையில் புகுந்து அவருக்கு எதிரே வருவதும் இதே ஜாதிக் குற்றந்தான். எதிரெதிரே இரண்டு துப்பாக்கிகள் வருவதால் அது அபாயமுங்கூட.

அபாயம் என்றதும் நினைவு வருகிறது: தாழப் பறக்கும் பறவையை ஒருபோதும் சுடாதே, தரையில் ஓடுவதையும் சுடாதே. பண்ணைப் பறவை பல சமயம் இடுப்பளவு உயரத்துக்குமேல் எழும்பாது; அதன் பின்னால் நாயின் முதுகு இருக்கும், அல்லது ஆளுயரப் புல்லுக்குள் உன் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறுவன் இருப்பான். பறவைக்கும் தரைக்கும் இடையே வானம் தெரிந்தாலன்றி விசையில் விரலை வைப்பதில்லை என்று விரதம் எடுத்துக்கொள். இங்கே சேவலோடு பெட்டையையும் சுடச் சட்டம் இடம் தருவதால் இன்னொரு ஜாக்கிரதையும் தேவைப்படுகிறது. சமிஷ் வயல்களைப் போன்ற திறந்த நிலங்களில் குட்டைக்காது ஆந்தைகள் பகலில் புல்லுக்குள்ளேயே தரையில் அமர்ந்திருக்கும். காலடிக்கு அருகிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று படபடவென்று எழும்பினால், அது பெட்டை ஃபெசன்ட் என்று கண்ணுக்குத் திட்டமாகத் தெரியும்வரை அதை ஆந்தையென்றே வைத்துக்கொள்.

இத்தளங்களில் ஈய ரவைக்கு இடமில்லை. தரையில் சிதறிய ஈயத்தைப் பறவைகள் கல்மணியென்று எண்ணி விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன என்பது நெடுநாளாக அறிந்த விஷயம். நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை இந்நாடு முழுவதும் 1991-இலேயே விலக்கிவிட்டார்கள். எஃகு ரவையோ லேசானது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகினுடையது 7.8 அளவே. தூரம் கூடக்கூட அதன் வேகம் விரைவில் தளர்ந்துவிடுவதால், ரவையின் பருமனைக் கூட்டுவதோடு சுடும் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். 35 கஜத்துக்கு அப்பால் போன பறவையைப் போகவிடு. அதைச் சுட்டு இறக்கையை ஒடிப்பது சுலபம். ஆனால் இறக்கை ஒடிந்த ஃபெசன்ட் விழுந்த இடத்தில் கிடப்பதில்லை. முட்புதருக்குள் நெடுந்தூரம் ஓடி, நரி வரும்வரை துடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று உன் கையால் நேர்ந்துவிட்டால், விழுந்த இடத்திலுள்ள செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே அங்கே போய், எத்தனை நேரமானாலும் தேடு. அருகிலிருப்பவரின் நாயை இரவல் கேட்கக் கூசாதே. அந்த வேளையில் வேறு பறவை கிளம்பினால் அதை நோக்கித் திரும்பாதே. அகப்பட்டால் தாமதமின்றி அதன் வேதனையை முடித்துவிடு. அகப்படாமலே போனாலும் உன் அன்றைய கணக்கில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

கணக்கு என்பது நாளொன்றுக்கு இரண்டு. இரண்டும் கிடைத்தே தீர வேண்டும் என்பது அதன் அர்த்தமன்று. ஒன்று கிடைத்ததும் துப்பாக்கியை மடக்கிக்கொண்டு, நாயில்லாமல் தனியே நடந்துகொண்டிருக்கும் கிழவரிடமோ, தகப்பனோடு முதல்முறை வந்திருக்கும் சிறுமியிடமோ உன் புதர் வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார். நாய் ஒன்று உனக்கு வாய்த்தபின், அவர்களுக்காக அதைத் தேடவிட்டாலும் தகும். சுட்ட பறவையைக் கையில் எடுத்தவுடனே பெர்மிட்டில் பதிந்துவிடு. வண்டிக்குப் போய்ப் பதியலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் மூன்றாவது பறவையின் சபலம் பிறக்கிறது.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஆனாலும் ஊரார் நம்மை எடைபோடுவது அவற்றைக் கொண்டுதான். வெடித்த தோட்டாக் கூடுகளை, உன்னுடையதல்லாததையும் சேர்த்து, பொறுக்கிப் பையில் போட்டுக்கொள். வண்டி நிறுத்துமிடத்தில் பறவையை உரித்துக் குடலையும் இறகையும் கொட்டிவிட்டுப் போகாதே. பறவை பார்க்க வருபவர்களும் இங்கே உண்டு. இது பொதுநிலம், அவர்களுக்கும் சமபாத்தியதை உண்டு. எதிர்ப்பட்டால் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, வணக்கம் சொல்லி அவர்கள் கடந்து போகும்வரை நில். வயலுக்கு அப்பால் குடியிருக்கும் விவசாயியின் வேலி உனக்கு லக்ஷ்மணன் கிழித்த கோடு; காயம்பட்ட பறவை அங்கே விழுந்தாலும் கதவைத் தட்டி அனுமதி கேட்டபின்பே காலை வை. ஸ்காஜிட் ஆற்று முகத்துவாரத்தில், முன்பு பறவை விட்டுவந்த வயல்களில் ஒரு பகுதியைச் சால்மன் மீன்களின் நன்மைக்காகக் கடல் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியந்தான்; ஆனால் மிஞ்சியிருக்கும் இடங்கள் கொஞ்சம், அவற்றை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்திருப்பவர்கள் அதிகம் என்பதை மனத்தில் வை.

பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒருநாள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நீ போகவிருக்கும் தளத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார். வாய்க்கால் எங்கே, பாதை எங்கே, எந்த வேலிக்குப் பின்னால் வீடு இருக்கிறது என்று தெரிந்துகொள். முதல் வேட்டைக்குச் சனிக்கிழமையைத் தவிர்த்து, அலுவலில் ஒருநாள் விடுப்புக் கேட்டுப் புதன்கிழமையில் வா. நானும் நாயும் உன்னோடு வருகிறோம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்