ஐந்தாம் சீலமும் நற்றுணையும்



மதுவை விலக்குவேன் என்று விகாரையில் உறுதி கூறிவிட்டு, சம்பள நாளன்று சாராயக் கடை வாயிலில் நின்றவன் நான். ஆலையில் தறி ஓட்டிய காலம் அது. சீலத்தைத் தனியே காக்க முயன்றதே என் பிழை. குடிக்கக் கற்றது கூட்டத்தில். விடுவதற்கும் கூட்டம் வேண்டுமன்றோ? நன்னட்பே அறவாழ்வு முழுவதும் எனப் பகவான் ஆனந்தருக்கு உணர்த்தியதன் பொருளைப் பின்னரே அறிந்தேன்.

1935-இல் அமெரிக்காவில், குடிநோயாளர் இருவர் ஒருவரையொருவர் தாங்கியதிலிருந்து பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. இந்திய நகரங்கள் பலவற்றிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் கூற வேண்டுவதில்லை, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் செல்லலாம்; மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கு மட்டுமே.

“1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளை ஏற்ற நாம், கடவுள் என்னும் சொல் ஒலிக்கும் இடத்திற்குச் செல்லலாமா?” என வினவுவர். அவரவர் உணர்ந்தவாறு கொள்க என்பதே அவர்கள் கூறுவது. தம்மத்தை நினைந்து அமர்க. மதுவிலக்கும் அவ்வுறுதிமொழிகளுள் ஒன்றே.

நும் மொழி பேசுவதும், வேலை முடிந்து செல்லத்தக்க தொலைவில் உள்ளதும், கேட்டதை வெளியே உரைக்காததுமான கூட்டத்தைத் தேர்க. ஒன்று ஒவ்வாவிடில் மற்றொன்றை நாடுக.

ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் வரலாம். முதலில் மருத்துவரைக் காண்க.

தயங்கும் சகோதரனுடன் முதல் நாள் வாயில்வரை நீவிரும் நடந்து செல்லுங்கள். அதுவே நற்றுணை.