சீதன நகையும் நிலையான வட்டிக் கடனும்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் கணவரின் தம்பி, வங்கியே இல்லாத 'டீஃபை' என்ற கிரிப்டோ முறையில் நிலையான வட்டிக்குக் கடன் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்பத் திரும்ப ஈடு வைத்தால் லாபம் மூன்று மடங்காகும் என்கிறார். முதலுக்கு என் சீதன நகைகளை அடைவு வைக்கக் கணவர் கேட்கிறார். நட்டம் வந்தால் வழக்குப் போடலாமா?

- ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: முதலில் நகை. உங்களுக்கு யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டம் பொருந்துமானால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அந்த நகை உங்கள் தனிச் சொத்து. காணியை ஈடு வைக்கத்தான் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. நகைக்கு உங்கள் விருப்பம் ஒன்றே போதும். கணவர் கேட்கலாம், உங்களை மீறி எடுத்துப்போக முடியாது.

வட்டி நிலையானது என்று தம்பி சொல்வது பொய்யல்ல. ஆனால் நிலையாக நிற்பது வட்டி மட்டுமே, ஈட்டின் விலை அல்ல. 100 ரூபாவுக்கு ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் வாங்கி, அதன் மேல் 80 வீதம் கடன் எடுத்து மறுபடி ஈதர் வாங்கி, இப்படி மூன்று முறை சுற்றினால் கையில் 295 ரூபா ஈதர், தலையில் 195 ரூபா கடன். விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் உங்கள் 100 ஏறத்தாழ முழுதும் போய்விடும். உண்மையில் அதற்கு முன்பே டீஃபையை இயக்கும் கணினி நிரல் ஈட்டை விற்றுவிடும். வங்கியென்றால் நகையை ஏலத்தில் விடுமுன் அறிவித்தல் அனுப்பும். இங்கே நள்ளிரவில் விற்றாலும் கேட்க ஆளில்லை. அதன் பிறகும் வங்கியில் அடைவுக் கடன் வட்டியோடு அப்படியே நிற்கும். இதைத் தம்பி கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 20 வீத வட்டி தந்த 'ஆங்கர்' என்ற டீஃபை திட்டம், 2022 மேயில் டெரா நாணயத்தோடு சேர்ந்தே சரிந்ததைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

இலங்கை மத்திய வங்கி 2018 முதலே மெய்நிகர் நாணயங்கள் பற்றி எச்சரித்து வருகிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, இவற்றுக்குக் கடன் அட்டையாலோ பற்று அட்டையாலோ பணம் செலுத்த அனுமதியில்லை.

வழக்கு யார்மீது? மல்லாகம் மாவட்ட நீதிமன்றம் அழைப்பாணை அனுப்ப ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். நிரலுக்கு இரண்டும் இல்லை. மிஞ்சுவது தம்பிதான். வாய்ப்பேச்சு ஒப்பந்தமென்றால் வழக்குத் தொடர 3 ஆண்டு, எழுத்தென்றால் 6 ஆண்டு. இத்தனைக்குப் பிறகும் கொடுப்பதென்றால், தொகை, திருப்பித் தரும் தேதி, நட்டத்தை ஏற்பவர் யார் என்பவற்றை எழுதி அவர் கையொப்பத்தை வாங்குங்கள். அடைவுச் சிட்டை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.