சம்பளமின்றி லாரி ஓட்டலாமா?

கனரக வாகன லைசென்ஸ் இப்போதுதான் கிடைத்தது. நாமக்கல்லில் எந்த லாரி உரிமையாளரிடம் போனாலும் முன் அனுபவம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சில மாதங்கள் சம்பளமில்லாமல் ஓட்டித் தருகிறேன் என்று சொன்னால் வேலை கிடைக்குமா?

— ஒரு வாசகர், ராசிபுரம்

கிடைக்கலாம், ஆயினும் அந்த வார்த்தையைத் தாங்கள் சொல்லவே வேண்டாம். வண்டியையும் சரக்கையும் நம்பி ஒப்படைக்கும் உரிமையாளரின் அச்சமெல்லாம், தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தில் பாரவண்டியை நியூட்ரலில் விடாமல் கீழ்க் கியரில் நிதானமாக இறக்க இவருக்குத் தெரியுமா என்பதைப் பற்றியதேயாதலால், தாங்கள் சம்பளத்தைத் துறப்பதனால் அது அணுவளவும் நீங்காது. மேலும், விபத்தில் அங்கஹீனம் நேர்ந்தால் தொழிலாளிக்குரிய நஷ்டஈடு சம்பளத்தை ஆதாரமாகக் கொண்டே கணக்கிடப்படுகிறபடியால், ஊதியப் பதிவே இல்லாதவர் தாம் தொழிலாளி என்று நிரூபிப்பதற்கே அல்லற்பட நேரும். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே பொது மோட்டார் போக்குவரத்தைத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அத்தனை காலத்துக்கு முன்பே கிடைத்த உரிமையை வலியக் கைவிடுவது, தங்களுக்குப் பின்னால் வரும் இளைஞர்களுக்கும் இழைக்கும் அநியாயம்.

ஆகையால், "மூத்த டிரைவரை என் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நடை என் கையைப் பாருங்கள், திருப்தியானால் செகண்ட் டிரைவராக, சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பேட்டாவுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். வடநாட்டு நடைக்கு இருவராகச் செல்லும் வண்டிகள் இன்னமும் உண்டு. அதுவும் வாய்க்காவிடில், கிளீனராகக் கூலி வாங்கிக்கொண்டு ஏறித் தார்ப்பாய் கட்டவும், கயிறு இறுக்கவும், டயர் மாற்றவும் பழகிக்கொள்ளுங்கள். இத்தொழிலில் பேரெடுத்த டிரைவர்கள் பலர் அவ்வழியே வந்தவர்கள்தாம். சம்பளம் எவ்வளவு சொற்பமானாலும் வங்கிக் கணக்கிலேயே வரும்படி முதல் நாளே பேசிவிடுங்கள்.